ஆவண எழுத்தர்: கறுப்பு அங்கி இல்லாத சட்டப்பணியின் வரலாறு

தமிழ்நாட்டில் சொத்து, கடன், வாரிசுரிமை தொடர்பான பத்திரங்களைப் பிறருக்காக எழுதித் தருவதற்குப் பதிவுத்துறையிடம் உரிமம் பெற்றவர் ஆவண எழுத்தர் எனப்படுகிறார். பேச்சு வழக்கில் பத்திர எழுத்தர் என்போம். எங்கள் பக்கத்தில் பல பேருக்கு அவர் வெறும் 'ரைட்டர்'. அவர் வழக்கறிஞர் அல்லர். நீதிமன்றத்தில் வாதாட அவருக்கு உரிமை இல்லை. ஆனாலும் ஒரு சாதாரணக் குடும்பம் தன் வாழ்நாளில் தொடும் மிகப்பெரிய சட்டக் காரியமான வீடு வாங்குவது, பாகம் பிரிப்பது, உயில் எழுதுவது எல்லாம் பெரும்பாலும் அவருடைய மேசையில்தான் நடக்கிறது.

வழக்கறிஞர் அல்லாமலே குறிப்பிட்ட சில சட்டப்பணிகளைச் செய்ய உரிமம் பெற்றவரை மேலைநாடுகளில் சில இடங்களில் 'பாராலீகல்' என்கிறார்கள். நம் நாட்டில் அந்தப் பெயரில் உரிமம் எதுவும் இல்லை. வேலை மட்டும் இருக்கிறது. அது பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. ஆவண எழுத்தர், தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதுகிறவர், முத்திரைத்தாள் விற்பனையாளர், வக்கீல் குமாஸ்தா, தொழிற்சங்கச் செயலாளர், அண்மைக்காலத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர் என்று ஒரு வரிசையே உண்டு. இந்தக் கட்டுரை அவர்களுள் முதன்மையாக ஆவண எழுத்தரைப் பற்றியது. இதை எழுதுபவன் கோட்டக்குப்பத்துக்காரன். இரண்டு நாடுகளின் சட்டங்கள் தெருமுனையில் சந்தித்துக்கொண்ட ஊர் இது என்பதால், இங்கிருந்து பார்த்தால் சில வேறுபாடுகள் தெளிவாகத் தெரிகின்றன.

வெண்ணெய்நல்லூர் ஓலை

ஆவணம் என்ற சொல்லே பழையது. சோழர் காலக் கல்வெட்டுகளில் நில விற்பனைப் பத்திரம் 'விலையாவணம்' எனப்படுகிறது. விற்பவர், வாங்குபவர், நான்கெல்லை, விலைப்பொருள், அது செலுத்தப்பட்ட செய்தி என்று இன்றைய கிரயப் பத்திரத்தில் உள்ள உறுப்புகள் பெரும்பாலும் அவற்றிலும் உண்டு. முடிவில் எழுதியவன் பெயரைச் சொல்லி 'இவை இன்னான் எழுத்து' என்று கையொப்பம் வரும். ஊர்ச்சபைகளில் மத்தியஸ்தன், கரணத்தான் போன்றவர்கள் இந்த எழுத்துவேலையைச் செய்தார்கள். எழுதியவன் யார் என்பது பத்திரத்திலேயே தெரிய வேண்டும் என்ற எண்ணம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். அது இடையில் எப்படித் தளர்ந்து, மீண்டும் எப்போது சட்டமாயிற்று என்பதைப் பின்னால் பார்ப்போம்.

எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் திருவெண்ணெய்நல்லூரில் நடந்ததாகச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் வழக்கை, பக்தியை ஒருபுறம் வைத்துவிட்டு ஆவண வழக்காகவும் படிக்கலாம். மணமேடையில் இருக்கும் இளைஞரைப் பார்த்து, "உன் பாட்டன் எனக்கு அடிமை ஓலை எழுதித் தந்தான்" என்கிறார் ஒரு முதியவர். இளைஞர் ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு வெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். சபையார் என்ன செய்கிறார்கள்? பாட்டனின் கையெழுத்துள்ள வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். மூலம், நகல், காப்பகம், கையெழுத்து ஒப்பீடு, சாட்சிக் கையொப்பம் எல்லாம் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் காவியத்தில், வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படாத அளவுக்கு இயல்பாக வருகின்றன. வகுப்பில் இதை நடத்தும்போது, "அப்போதே சர்டிபைடு காப்பி இருந்ததா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். அவன் கேட்டது சரியான கேள்விதான்.

எல்லைக்கு இருபுறமும்

புதுச்சேரியில் முத்தியால்பேட்டையைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் கோட்டக்குப்பம். இன்று அது வெறும் மாநில எல்லை. 1954க்கு முன் அது பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் (1947க்குப் பின் சுதந்திர இந்தியாவுக்கும்) பிரெஞ்சிந்தியாவுக்கும் இடையிலான எல்லை. ஒரே குடும்பத்துக்கு இந்தப் பக்கம் தோப்பும் அந்தப் பக்கம் வீடும் இருப்பது அரிதன்று. அப்படிப்பட்ட குடும்பம் தோப்பை விற்க ஒரு சட்டத்தையும், வீட்டை விற்க வேறொரு சட்டத்தையும் பின்பற்ற வேண்டியிருந்தது. நடைமுறையில் இதன் பொருள், இரண்டு வேறு வகையான மனிதர்களிடம் போக வேண்டும் என்பதே.

புதுச்சேரியில் இந்தியர்களின் குடிமை வழக்குகளைத் தொடக்கத்தில் விசாரித்தது 'சோத்ரி' நீதிமன்றம். பெயர் பிரெஞ்சு போலத் தோன்றினாலும் மூலம் நம் 'சாவடி'தான். 1766 முதல் 1817 வரையான அதன் தீர்ப்புகளை ழான் குளோத் போனான் தொகுத்து வெளியிட்டிருக்கிறார். 1819இல் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் இங்கே நடைமுறைக்கு வந்தபோது, இந்தியர்களின் வழக்காறுகளுக்குப் பாதுகாப்பும் சேர்த்தே தரப்பட்டது. 1827இல் அந்த வழக்காறுகள் பற்றி ஆலோசனை சொல்ல ஒரு குழுவும் அமைந்தது. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை, விரும்பும் இந்தியர் தம் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின்கீழ் வரலாம் என்றது. அப்படித் துறந்தவர்களின் வழிவந்தோர் இன்றும் புதுச்சேரியில் இருக்கிறார்கள். அவர்களின் வாரிசுரிமைக் கேள்விகளுக்கு இன்றும் பிரெஞ்சுச் சட்டத்தைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

அங்கே பத்திரம் எழுதியவர் 'நொத்தேர்'. இந்தியருக்கெனத் 'தபெலியோன்' என்ற அலுவலரும் இருந்தார். பிரான்சில் 1803ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த நொத்தேர் முறையின் சாரம் இதுதான்: அவர் அரசால் நியமிக்கப்பட்டவர், இரு தரப்பையும் எதிரே உட்கார வைத்து, அவர்கள் விருப்பத்தைக் கேட்டு, பத்திரத்தைத் தாமே எழுதுவார், மூலத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு தரப்பினருக்கு நகல் தருவார். அவர் முன் நடந்ததாக அவர் எழுதியது, பொய் என்று தனி நடைமுறையில் மெய்ப்பிக்கப்படும் வரை உண்மையாகவே கொள்ளப்படும். பத்திரத்தில் தவறு நேர்ந்தால் அவரிடம் போய்க் கேட்கலாம், பொறுப்பு அவருடையது.

இந்தப் பக்கம், அதாவது சென்னை மாகாணத்தின் தென்னார்க்காடு மாவட்டத்தில், கதை வேறு. 1802ஆம் ஆண்டின் 17ஆம் ஒழுங்குமுறை பத்திரங்களைப் பதிவு செய்ய ஒரு வழி வகுத்தது. ஆனால் அது பரவலாகப் பழக்கத்துக்கு வரவில்லை. முறையான பதிவுத்துறை 1864ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே வேர்கொண்டது. 1866, 1871, 1877 என்று அந்தச் சட்டம் திரும்பத் திரும்ப மாற்றி எழுதப்பட்டு, 1908ஆம் ஆண்டின் 16ஆவது சட்டமாக நிலைபெற்றது. 1909 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டமே இன்றும் பதிவுச் சட்டம். இடையில் வந்த 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம், நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தை விற்கப் பதிவுப் பத்திரம் கட்டாயம் என்றது. நூறு ரூபாய் அன்று பெரிய தொகை. இன்று அந்த வரம்பு ஒரு வேடிக்கை, ஆனால் சட்டத்தில் அது அப்படியே இருக்கிறது.

ஆங்கிலேயர் முறையில் சார் பதிவாளர் பத்திரத்தை எழுதுவதில்லை. எழுதிக் கொண்டு வந்ததை வாங்கி, எழுதிக் கொடுத்தவர் இவர்தானா, இது தாம் எழுதிக் கொடுத்ததென்று ஒப்புகிறாரா என்று கேட்டுப் பதிவு செய்கிறார். விற்பவருக்கு அந்தச் சொத்தில் உரிமை உண்டா என்பதை விசாரிப்பது அவர் வேலையன்று. 2022இல் தமிழ்நாடு பதிவு விதிகளில் 55-ஏ என்று ஒரு விதி சேர்த்து, முந்தைய மூலப் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்றார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதன் முதல் உட்பிரிவைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. உரிமையை ஆராயும் அதிகாரத்தைப் பதிவுச் சட்டம் பதிவாளருக்குத் தரவில்லை என்பதே காரணம். போலிப் பத்திரங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இது கசப்பாக இருக்கலாம். ஆனால் 1864 முதல் அந்த அமைப்பின் இயல்பே அதுதான்.

அப்படியானால் பத்திரத்தை யார் எழுதுவது? சட்டம் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. எழுதத் தெரிந்த யாரும் எழுதலாம். நொத்தேருக்கு ஆங்கிலேயப் பக்கத்தில் இணை யாரும் இல்லை. அந்த வெற்றிடத்தில் வந்து உட்கார்ந்தவர்தான் நம் பத்திர எழுத்தர்.

வக்கீலும் முக்தியாரும்

வழக்காடும் வேலைக்கு மட்டும் கதவு முன்பே போடப்பட்டது. 1816இல் சென்னை மாகாண ஒழுங்குமுறைகள் வக்கீல்களின் நியமனத்தை முறைப்படுத்தின. 1846ஆம் ஆண்டின் முதல் சட்டம், தகுதியுள்ள எவரும் இனம், மத வேறுபாடின்றி வக்கீலாகலாம் என்றது. 1879ஆம் ஆண்டின் சட்டத்தொழிலாளர் சட்டம் வக்கீல், முக்தியார், வருவாய் முகவர் என்று படிநிலைகளை வகுத்தது. சென்னை மாகாணத்தில் முதல்நிலை பிளீடர், இரண்டாம்நிலை பிளீடர் என்று இருந்தார்கள். பட்டம் பெறாமல், தேர்வு மட்டும் எழுதி மாவட்ட முன்சீப் கோர்ட்டில் வாதாடிய இரண்டாம்நிலை பிளீடர்கள் சிற்றூர்களின் சட்டத் துணையாக இருந்தார்கள். புதுச்சேரியிலும் இதே போன்ற ஓர் இடைநிலை இருந்தது. அங்கே பிரெஞ்சு அவொக்காவுக்குப் பதிலாக 'ஏற்கப்பட்ட ஆலோசகர்' என்ற பெயரில் இந்தியர்கள் வழக்காடினார்கள். 1873இல் காலணியுடன் நீதிமன்றத்துக்குள் வந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை மேல்முறையீடு செய்து வென்ற பொன்னுத்தம்பி பிள்ளை அவர்களுள் ஒருவர்.

மொழி ஒரு தனிச் சிக்கல். மாயூரம் வேதநாயகம் பிள்ளை நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, முன்சீப் ஆனவர். உயர்மட்ட நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்தவர். 1879இல் வெளிவந்த அவருடைய பிரதாப முதலியார் சரித்திரத்தில், தமிழ் தெரியாதவர்கள் தமிழர் வழக்கை விசாரிக்கும் கூத்தைக் கிண்டல் செய்கிறார். இந்த மொழிச் சுவர்தான் பத்திர எழுத்தருக்கும் மனு எழுதுகிறவருக்கும் பிழைப்புக் கொடுத்தது என்பது என் கணிப்பு. வக்கீல், குமாஸ்தா, முக்தியார், தஸ்தாவேஜு, ஜாமீன் என்று பாரசீகமும் அரபும் ஒருபக்கம். கிரயம், தானம், சுவாதீனம் என்று வடமொழி ஒருபக்கம். அபிடவிட்டும் டிகிரியும் இன்னொரு பக்கம். நடுவில் 'வில்லங்கம்' மட்டும் தமிழாக நிற்கிறது. இந்தக் கலவையைப் புரிந்துகொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டார்.

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் இந்தப் படிநிலைகளை அழித்து, வழக்கறிஞர் என்ற ஒரே வகுப்பை உண்டாக்கியது. முன்பே இருந்த பிளீடர்களுக்கும் முக்தியார்களுக்கும் விலக்குத் தந்து, புதிதாக யாரும் அந்த நிலைகளில் சேராமல் நிறுத்தியது. வழக்கறிஞர் அல்லாதவர் நீதிமன்றத்தில் தொழில் செய்தால் ஆறு மாதம் வரை சிறை (45ஆம் பிரிவு). 32ஆம் பிரிவின்படி, ஒரு குறிப்பிட்ட வழக்கில் மட்டும், நீதிமன்றம் தன் விருப்பத்தின் பேரில் வேறொருவரை அனுமதிக்கலாம். தொழிலின் தரம் உயர்ந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் இரண்டாம்நிலை பிளீடர் மறைந்தபோது, சிறு வழக்குக்குச் சிறு கட்டணத்தில் வந்து நின்ற ஆளும் மறைந்தார். அந்த இடத்துக்கு வேறு யாரையும் அந்தச் சட்டம் கொண்டுவரவில்லை.

1879ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பகுதி மட்டும் நெடுநாள் உயிரோடு இருந்தது. நீதிமன்ற வாசலில் ஆள் பிடிக்கும் தரகர்களின் பட்டியலைத் தொங்கவிட்டு, அவர்களை வளாகத்துக்குள் வராமல் தடுக்கும் அதிகாரம் அது. 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கி, அதே அதிகாரத்தை 45-ஏ என்ற பிரிவாக வழக்கறிஞர் சட்டத்தில் சேர்த்திருக்கிறது. நூற்று நாற்பத்து நான்கு ஆண்டுகளில் தரகர் மட்டும் மாறவில்லை போலும்.

கணக்குப்பிள்ளை போய் உரிமம் வந்தது

கிராமங்களில் நெடுங்காலம் பத்திரம் எழுத இயல்பான ஆள் கர்ணம் என்ற கணக்குப்பிள்ளை. புல எண்ணும் எல்லையும் அவர் நாக்கு நுனியில் இருக்கும். யார் வீட்டில் எந்தப் பாகம் இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். அதுவே அவருடைய பலமும் ஊருக்கு அபாயமும். 1980 நவம்பரில் தமிழ்நாடு அரசு பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. பிறகு தேர்வு மூலம் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள்.

அதையடுத்து 1982இல் தமிழ்நாடு ஆவண எழுத்தர் உரிம விதிகள் வந்தன. பிறருக்காகக் கட்டணம் பெற்றுப் பத்திரம் எழுத உரிமம் தேவை என்பதும், கட்டணத்துக்கு அளவு உண்டு என்பதும், தயாரித்தவரின் பெயரும் உரிம எண்ணும் பத்திரத்திலேயே இருக்க வேண்டும் என்பதும், தவறினால் உரிமம் பறிபோகலாம் என்பதும் இதன் உள்ளடக்கம். வழக்கறிஞரும் பத்திரம் தயாரிக்கலாம். சொத்துக்காரர் தாமே தமக்கு எழுதிக்கொள்ளவும் தடையில்லை. இது பல பேருக்குத் தெரியாது. 'இவை இன்னான் எழுத்து' என்ற கல்வெட்டு வழக்கம் இப்படித்தான் அரசு விதியாகத் திரும்பி வந்தது.

உரிமம் பெற்ற ஆவண எழுத்தர் செய்யும் வேலை, வெளியிலிருந்து பார்க்கும்போது தோன்றுவதைவிட அதிகம். குடும்பத்தில் அண்ணன் தம்பிக்கு நிலம் தர வேண்டும் என்றால் அதைக் கிரயமாக எழுதுவதா, தான செட்டில்மெண்டாகவா, விடுதலைப் பத்திரமாகவா, பாகப்பிரிவினையாகவா? ஒவ்வொன்றுக்கும் முத்திரைத் தீர்வை வேறு, விளைவு வேறு. செட்டில்மெண்டை எழுதிக் கொடுத்தபின் மனம் மாறினால் அவ்வளவு எளிதில் திரும்ப வாங்க முடியாது. உயிலை உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். கிரயத்துக்கு எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்கு வர வேண்டும். உயிலுக்குக் காலவரம்பு இல்லை, முத்திரைத்தாளும் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, ஆனால் இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்துப் பத்திரங்கள் பதிவகத்தின் முதல் புத்தகத்திலும், உயில்கள் மூன்றாம் புத்தகத்திலும் ஏறும். முதல் புத்தகத்தை யாரும் பார்க்கலாம். உயிலின் நகல் எழுதியவர் உயிரோடிருக்கும்வரை வேறு யாருக்கும் கிடைக்காது.

எங்கள் ஊரில் முஸ்லிம் குடும்பங்கள் அதிகம். அவர்களின் 'ஹிபா' என்ற கொடைக்குப் பதிவுப் பத்திரம் கட்டாயமில்லை. கொடுப்பதாகச் சொல்லுதல், ஏற்றல், சுவாதீனம் ஒப்படைத்தல் மூன்றும் நடந்தால் போதும். எழுத்தில் இருந்தாலும் அது பதிவாகாததால் மட்டும் கெட்டுவிடாது என்று 2011இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அதேபோல், முஸ்லிம் ஒருவர் உயிலால் கொடுக்கக்கூடியது, மற்ற வாரிசுகள் ஒப்பாவிட்டால், சொத்தில் மூன்றில் ஒரு பங்குதான். இதெல்லாம் தெரிந்த எழுத்தரும் உண்டு. பழைய பத்திரத்தில் பெயரையும் புல எண்ணையும் மட்டும் மாற்றி அச்சடித்துத் தருகிறவரும் உண்டு. இரண்டு பேருக்கும் உரிமம் ஒன்றே.

திசை மாறிய எல்லை

என் தகப்பனார் 1970களில் ஒரு மனை வாங்கினார். எழுதியவர் அந்தக் காலத்தில் பெயர் பெற்ற எழுத்தர், அழகான கையெழுத்து. நான்கெல்லை எழுதும்போது கிழக்கை மேற்காகவும் மேற்கைக் கிழக்காகவும் எழுதிவிட்டார். முப்பது ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. வீட்டின்மேல் கடன் வாங்கப் போனபோதுதான் வங்கியின் வழக்கறிஞர் பத்திரத்தைப் படித்துவிட்டு, "சார், இந்தப் பத்திரப்படி உங்கள் வீடு சாலைக்கு அந்தப்பக்கம் இருக்கிறது" என்றார். சிரித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். கடன் நின்றுவிட்டது என்பது படி இறங்கும்போதுதான் உறைத்தது.

பிழைத்திருத்தல் ஆவணம் என்று ஒன்று உண்டு. ஆனால் அதை எழுதிக் கொடுத்தவரே வந்து கையெழுத்திட வேண்டும்; அவர் இல்லையென்றால் அவருடைய வாரிசுகள் எல்லோரும். விற்றவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மக்கள் ஐந்து பேர்; ஒருவர் பிரான்சில், ஒருவர் வளைகுடாவில். ஒருவர் மட்டும், "எங்கப்பா விற்றது விற்றதுதானே வாத்தியாரே, இப்ப எதுக்குப் புதுசாக் கையெழுத்து?" என்று ஓராண்டு தயங்கினார். அவர் தயக்கத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. அவர் ஒப்பாதிருந்தால் 1963ஆம் ஆண்டுக் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் வழக்குப் போட வேண்டியிருந்திருக்கும். வெளிநாட்டில் இருந்தவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பினார்கள். எழுத்தரோ முன்பே காலமாகியிருந்தார். இருந்திருந்தாலும் அவரிடம் இழப்பீடு கேட்க நடைமுறையில் வழி ஒன்றும் இல்லை. பழைய பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் அவர் பெயர் மட்டும் இருக்கிறது, எண் இல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் இதே தவறு நொத்தேர் முன் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலமுறை நினைத்ததுண்டு. அங்கே கட்டணம் அதிகம். ஏழைகள் பலர் அதனாலேயே வாய்மொழியில் விட்டுவைத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மலிவு, பொறுப்பு இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை.

யாழ்ப்பாணமும் டொராண்டோவும்

இலங்கைத் தமிழரிடம் நிலைமை வேறு. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், நிலம் தொடர்பான எந்த உறுதியும் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. ('உறுதி' என்பது அங்கே பத்திரத்துக்குப் பெயர், நல்ல சொல்.) ஒல்லாந்தர் விட்டுச்சென்ற அந்தப் பதவி ஆங்கிலேயர் காலத்திலும் தொடர்ந்தது, 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் அதை ஒழுங்குபடுத்தியது. யாழ்ப்பாணத்தில் தமிழில் மட்டும் உறுதி எழுதிய நொத்தாரிசுகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். ஆக, பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கமும், எங்கள் தெருமுனைக்கு அந்தப் பக்கமும் பொறுப்புள்ள நொத்தாரிசு. நடுவில் சென்னை மாகாணம் மட்டும் தனி வழி. இந்தியாவில் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் 'நோட்டரி' பெயரளவில்தான் இவர்களுக்கு உறவு. அவர் அனுபவமுள்ள வழக்கறிஞர். சான்றொப்பம் இடுவார், உறுதிமொழி வாங்குவார். அவர் முத்திரை குத்திவிட்டால் நிலம் கைமாறிவிட்டது என்று நம்பி ஏமாறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஈழத்தமிழர் நிறைந்த ஸ்கார்பரோ உள்ளிட்ட பகுதிகளில், உரிமம் பெற்ற பாராலீகல்களைக் காணலாம். 2007இல் அவர்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு அங்குள்ள வழக்கறிஞர் சங்கத்துக்கு வந்தது. 2008இல் முதல் உரிமங்கள். போக்குவரத்துக் குற்றச்சாட்டு, வீட்டுக்காரர் குடியிருப்பவர் தகராறு, சிறு குற்ற வழக்குகள், சிறுதொகை நீதிமன்றம் இவற்றில் அவர்கள் கட்சிக்காரருக்காக நின்று வாதாடலாம். சிறுதொகை என்பது 2020 முதல் 35,000 டாலர் வரை. 2025 அக்டோபரிலிருந்து 50,000. ஆனால் அவர்கள் வீட்டுக் கிரயம் எழுதக்கூடாது, உயில் எழுதக்கூடாது.

இங்கே நேர் எதிர். நம் ஆவண எழுத்தர் கிரயமும் உயிலும் எழுதலாம். ஐயாயிரம் ரூபாய் வழக்கில்கூட நீதிமன்றத்தில் வாய் திறக்கக்கூடாது. இரண்டு நாட்டிலும் சட்டம் ஏழையின் ஆபத்தைத்தான் எண்ணிப் பார்த்திருக்கிறது. அங்கே, வாழ்நாள் சேமிப்பான வீட்டை எழுதுவதுதான் பெரிய ஆபத்து, அதை வழக்கறிஞரிடம் விடு என்று கருதினார்கள். இங்கே நீதிமன்றத்தில் நிற்பதுதான் பெரிது, எழுதுவது குமாஸ்தா வேலை என்று கருதினார்கள். என் மனையின் கதையை நினைத்தால், கனடாக்காரர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது என்றே படுகிறது.

இன்று யார் எதைச் செய்யலாம்

2018இல் அயல்நாட்டுச் சட்ட நிறுவனங்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தொழில் என்பது நீதிமன்றத்தில் வாதாடுவது மட்டுமல்ல, கருத்துரை தருவதும் வரைவு எழுதுவதும்கூட அதில் அடங்கும் என்றது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்குதான் அது. இந்த அளவுகோலைக் கண்டிப்பாகப் பிடித்தால், உரிம விதிகள்தாம் ஆவண எழுத்தருக்கு நிழல். அந்த நிழலுக்கு வெளியே வந்து, "இந்த வழக்கில் நீங்கள் ஜெயிப்பீர்கள்" என்று அவர் ஆலோசனை சொல்லத் தொடங்கினால் எல்லை மீறுகிறார்.

ஆனால் சில மன்றங்களில் வழக்கறிஞர் அல்லாதவருக்கும் இடம் உண்டு. நுகர்வோர் ஆணையங்களில் கட்சிக்காரரின் அங்கீகரிக்கப்பட்ட முகவர் தோன்றி வாதாடலாம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டம் தொழிலாளிக்காகச் சங்க நிர்வாகி வாதாடுவதை இயல்பாகவும், வழக்கறிஞர் வருவதை மறுதரப்பும் மன்றமும் ஒப்பினால் மட்டும் நடக்கக்கூடியதாகவும் வைத்தது. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் வழக்கறிஞர் வைத்துக்கொள்வது உரிமையே அன்று. வக்கீல் குமாஸ்தாக்கள் வழக்குத் தாக்கல், நகல் விண்ணப்பம், கட்டுப் பார்ப்பது போன்றவற்றைச் செய்கிறார்கள். அவர்களுக்கு 1999இல் தமிழ்நாடு தனி நலநிதிச் சட்டமே கொண்டுவந்தது.

பணமில்லாதவருக்கு என்று வந்தது சட்டப்பணிகள் ஆணைக்குழு. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் அரசமைப்பில் 39-ஏ பிரிவைச் சேர்த்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பில்லாமலே இலவச வழக்கறிஞர் உண்டு. 2009இல் இதன்கீழ்த் தன்னார்வலர் திட்டம் வந்தது. ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், மாணவர்கள் என்று வழக்கறிஞர் அல்லாதவர்களைத் தேர்ந்து பயிற்சி தந்து, ஊருக்கும் ஆணைக்குழுவுக்கும் நடுவில் நிறுத்தினார்கள். இவர்கள் மனு எழுத உதவலாம். காவல் நிலையத்துக்கும் சிறைக்கும் போய் விசாரிக்கலாம். மக்கள் நீதிமன்றத்துக்கு வழக்கை அனுப்ப வழி காட்டலாம். வாதாடக்கூடாது, கட்சிக்காரரிடம் காசு வாங்கக்கூடாது.

ஓய்வுக்குப் பிறகு அப்படி ஒரு பயிற்சிக்கு நானும் போயிருந்தேன். முதல் வாரம் என்னிடம் வந்தவர் மீன் விற்கும் ஓர் அம்மா. கணவர் இறந்து நான்கு ஆண்டுகள். வாரிசுச் சான்றிதழ் இல்லை. வீட்டுப் பட்டா மாமனார் பெயரில். மூன்று முறை மனு எழுதி, மூன்று முறையும் காசு கொடுத்திருக்கிறார். மூன்றையும் வாங்கிப் படித்துப் பார்த்தேன். மூன்றிலும் கணவர் பெயர் சரியாக இருந்தது. இறந்த தேதி ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி இருந்தது. இறப்புச் சான்றிதழைக் கொண்டு வரச் சொல்லி, பார்த்து எழுதினோம். இரண்டு மாதத்தில் சான்றிதழ் வந்தது. பட்டா மாற்றத்துக்குத்தான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்.

2018 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் பதிவுக்கான பத்திர விவரங்களை இணையத்தில் ஏற்றி, நேரம் வாங்கிக்கொண்டு சார் பதிவாளரிடம் போகிறோம். பொதுமக்கள் தாமே உள்நுழைந்து மாதிரிப் படிவத்தில் பத்திரம் தயாரிக்க வழி இருக்கிறது. கோட்டக்குப்பத்தார் பலர் இன்னும் எழுத்தரிடமே போகிறார்கள். எழுத்தரிடம் போவோர் கையெழுத்திடும் முன் மூன்றைச் சரிபார்க்கலாம்: நான்கெல்லையை மனையில் நின்று ஒருமுறை வாய்விட்டுப் படிப்பது, முந்தைய தாய்ப் பத்திரத்தோடு புல எண்ணை ஒப்பிடுவது, கடைசிப் பக்கத்தில் எழுதியவரின் உரிம எண் இருக்கிறதா என்று பார்ப்பது. இலவசச் சட்ட உதவிக்கு நாடு முழுவதும் 15100 என்ற எண்ணை அழைக்கலாம், தமிழில் பேசலாம்.